நாத்திகர்களுக்குத் தம் நம்பிக்கையின்மை மீது ஐயம் எழுவதுண்டா?

நாத்திகர்களுக்குத் தம் நிலைமீது எப்போதாவது சந்தேகம் வருமா என்று பொதுவாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதற்குக் கீழே எழுதியிருக்கும் சில வரிகளைப் படித்தால், நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது வேறொன்று என்று தோன்றுகிறது. ஆறேழு ஆண்டுகளாகக் கடவுள் நம்பிக்கை இல்லாமல் வாழ்ந்துவந்த நீங்கள், தாயாரை இதய அறுவை சிகிச்சைக்கு உள்ளே அழைத்துச் சென்ற காலையில், மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்றபடி, "முருகா, அம்மாவைக் காப்பாற்று" என்று மனத்துக்குள் வேண்டிக்கொண்டீர்கள். தாயார் நலமாக வீடு திரும்பிவிட்டார். இப்போது பழனிக்குப் போய்வர வேண்டும் என்கிறார். இத்தனை காலம் நான் பேசிய நாத்திகம் போலிதானா, அவரோடு பழனிக்குப் போவது அந்தப் போலித்தனத்தை ஒப்புக்கொள்வதாகிவிடுமா என்பதே உங்கள் கேள்வி. விடை சொல்லும் முன் என்னைப் பற்றிய ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறேன். கலைக் கல்லூரியில் மெய்யியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். சமய மெய்யியலும் இந்தியத் தருக்கமும் நான் நடத்திய பாடங்கள். எனக்கும் கடவுள் நம்பிக்கை இல்லை. ஆகவே நான் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறேன் என்பதைத் தெரிந்துகொண்டே இதைப் படியுங்கள்.

பொதுக் கேள்விக்கு விடை எளிது: ஐயம் வருகிறது; பெயர்பெற்ற நாத்திகர்கள் அதை மறைத்ததும் இல்லை. பிரிட்டானிய உயிரியலாளர் ரிச்சர்டு டாக்கின்ஸ் 2006-இல் வெளியிட்ட நூலில், கடவுள் உண்டு என்பதில் முழு உறுதி கொண்டவரை 1 என்றும், இல்லை என்பதில் முழு உறுதி கொண்டவரை 7 என்றும் வைத்து ஓர் அளவுகோல் தந்து, தம்மை 7-ஐ நோக்கிச் சாய்ந்த 6 என்றே குறித்துக்கொண்டார். பின்னாளில் ஆக்ஸ்ஃபர்டில் நடந்த ஓர் உரையாடலில் அதை 6.9 என்று திருத்தினாரே தவிர 7 என்று சொல்லவில்லை. பிரிட்டானிய மெய்யியலாளர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1947-இல் இன்னும் தெளிவாகச் சொன்னார்: மெய்யியலாளர் அவையில் பேசினால் தம்மை அறியொணாவாதி (கடவுள் உண்டா இல்லையா என்று அறிய இயலாது என்பவர்) என்றே சொல்ல வேண்டும், ஏனெனில் கடவுள் இல்லை என்பதை ஐயத்திற்கு இடமின்றி நிறுவ இயலாது, தெருவில் போகும் மனிதரிடம் பேசினால் நாத்திகர் என்று சொல்லிக்கொள்ள வேண்டும், ஏனெனில் ஹோமரின் காப்பியத்தில் வரும் கடவுளர் இல்லை என்பதையும்தான் நிறுவ இயலாது, ஆனால் அவர்களைப் பற்றி யாரும் தூக்கம் இழப்பதில்லை. பிரேசில், சீனா, டென்மார்க், ஜப்பான், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய 6 நாடுகளில் நம்பிக்கையற்றவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வின் முடிவுகள் 2019-இல் வெளியாயின. இம்மியும் அசையாத பிடிவாதக்காரர் என்று நாத்திகரைப் பற்றி நிலவும் சித்திரத்துக்கு அதில் ஆதரவு கிடைக்கவில்லை. பிரேசிலிலும் சீனாவிலும் கடவுளைப் பற்றித் தம் கருத்தே சரி என்னும் உறுதி, அந்நாட்டு மக்கள் அனைவரையும் சேர்த்துப் பார்க்கையில் இருந்ததைவிட நம்பிக்கையற்றவர்களிடம் குறைவாகவே இருந்தது. இயற்கைக்கு அப்பாற்பட்ட எதையுமே ஏற்காதவர்கள், 6 நாடுகளிலும், நம்பிக்கையற்றவர்களுக்குள்ளேயே சிறுபான்மையினர். இந்தியா அந்த ஆய்வில் இல்லை என்பதால் முடிவுகளை அப்படியே இங்கே இறக்குமதி செய்யக் கூடாது. ஆனாலும் மகள் திருமணத்துக்கு இராகு காலம் தவிர்த்து நேரம் குறிக்கும் பகுத்தறிவாளரைக் காண நாம் கடல் கடந்து போக வேண்டியதில்லை.

வரும் ஐயங்கள் எல்லாம் ஓரினம் அல்ல என்பதை இங்கே பிரித்துக் காட்ட வேண்டும். அறிவைத் தைக்கும் ஐயம் ஒன்று. உடலும் பழக்கமும் கிளப்பும் அதிர்வு வேறொன்று. துணையில்லாமல் போகும் ஏக்கம் மூன்றாவது. உங்கள் குறிப்பில் இவை மூன்றும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. வகுப்பறையில் நான் பார்த்த குழப்பத்தில் பெரும்பகுதியும் இப்படிக் கலப்பதால் வந்ததுதான்.

அறிவைத் தைக்கும் ஐயத்துக்குத் தமிழிலேயே பழைய சான்று உண்டு. மணிமேகலையில், சமயக் கணக்கர்கள் தத்தம் கொள்கையை எடுத்துரைக்கும் காதையில் பூதவாதி ஒருவர் வருகிறார். கண்ணால் காண்பதையன்றி வேறெதையும் ஏற்காதவர், இம்மையும் இம்மைப் பயனும் இப்பிறப்போடு முடிந்தன என்பவர். தன் முற்பிறப்பை அறிந்திருந்த மணிமேகலை அதைச் சொல்லி நகைக்க, அது வெறும் மயக்கம் என்று அவர் தள்ளிவிடுகிறார்; உன் தாய் தந்தையர் இன்னார் என்பதை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய் என்று அவள் திருப்பிக் கேட்கிறாள். காட்சி மட்டுமே பிரமாணம் (அறிவுக்கு நம்பகமான வழி) என்பவரின் அடித்தளத்தை அசைக்கும் கேள்வி அது, இன்றும் அதன் கூர் மழுங்கவில்லை. (கேட்டவள் படைப்புக் கடவுளை ஏற்காத பௌத்த நெறியைத் தேடி நடப்பவள் என்பது வேறு சுவை.) இன்றைய நாத்திகர்களைத் தொந்தரவு செய்யும் கேள்விகள் வேறு: ஒன்றுமே இல்லாதிருப்பதற்குப் பதிலாக ஏன் ஏதோ ஒன்று இருக்கிறது, மூளையின் மின் அசைவுகள் எப்படி ஒரு வலியாக, ஒரு நிறமாக உணரப்படுகின்றன, இயற்பியலின் மாறிலிகள் சற்று வேறாக இருந்திருந்தால் விண்மீன்களே உருவாகியிருக்க முடியாது எனும்போது, அவை இப்போதுள்ளபடி அமைந்தது எதனால். என் மதிப்பீட்டில் இந்த மூன்றாவதுதான் கடவுள் வாதிகளின் கையிலுள்ள வலுவான வாதம். அந்த மாறிலிகள் வேறு எந்தெந்த மதிப்புகளை எவ்வளவு சாத்தியத்தோடு பெற்றிருக்கக்கூடும் என்று யாருக்கும் தெரியாத நிலையில், அதை ஒரு நிறுவலாக ஏற்க நான் தயங்குகிறேன். ஆனால் அதைப் படித்துவிட்டு ஒரு கணமும் யோசிக்காத நாத்திகரை நான் மெச்ச மாட்டேன். எனினும் இந்த ஐயங்கள் எவையும், எத்தனை வலுவாக எழுந்தாலும், ஒரு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்று முருகனை அழைத்தால் அவர் கேட்பார் என்ற இடத்துக்கு நம்மைக் கொண்டு சேர்ப்பதில்லை. அண்டத்துக்கு ஒரு முதற்காரணம் இருக்கலாம் என்பதற்கும், அது உங்கள் தாயாரின் இரத்தக் குழாயில் அக்கறை கொண்டது என்பதற்கும் இடையில் நெடுந்தூரம் உண்டு. நம் மரபில் அந்தத் தூரத்தை நன்றாக உணர்ந்தவர்கள், வேதச் சடங்குகளுக்குப் பொருள் விளக்கிய மெய்யியலாளர்களான மீமாஞ்சகர்கள். அவர்களில் ஒருவரான, வேதத்தை உயிராகப் போற்றிய குமாரிலப் பட்டரே, உலகைப் படைத்த கடவுள் ஒருவர் உண்டு என்ற வாதத்தை அடுக்கடுக்காக மறுத்திருக்கிறார்.

உங்களுக்கு நேர்ந்தது இரண்டாவது வகை என்று நினைக்கிறேன். பேய் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தவரும் நள்ளிரவில் சுடுகாட்டு வழியே தனியாக வரும்போது நடையைக் கொஞ்சம் விரைவாக்குவதைப் போன்றது அது. உளவியலாளர்கள் இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் நடந்து 2013-ஐ ஒட்டி வெளியான ஓர் ஆய்வில், நாத்திகர்களை "என் பெற்றோரை மூழ்கடிக்குமாறு கடவுளுக்குச் சவால் விடுகிறேன்" என்பது போன்ற வாக்கியங்களை உரக்கப் படிக்கச் சொல்லி, தோலின் மின்கடத்தும் திறன் மாறுவதைக் கொண்டு அவர்களின் பதற்றத்தை அளந்தனர். வாயால் "எனக்கு ஒன்றும் தோன்றவில்லை" என்று சொன்னவர்களின் தோல், நம்பிக்கையாளரின் தோலைப் போலவே பதறியது. பெற்றோர் மூழ்க வேண்டும் என்று யார் சொன்னாலும் பதறத்தானே செய்யும் என்று நீங்கள் கேட்கலாம்; ஆய்வாளர்களும் அதை நினைத்துப் பார்த்து, கடவுளைக் குறிப்பிடாமல் "மூழ்க வேண்டும் என விரும்புகிறேன்" என்ற வாக்கியத்தோடும் ஒப்பிட்டனர்; கடவுள் வந்த வாக்கியத்துக்கே நாத்திகர்களின் பதற்றம் மிகுதியாக இருந்தது. பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், மலை, மரம் போன்றவற்றின் படங்களைக் காட்டி, இதை யாரேனும் ஒரு நோக்கத்தோடு உண்டாக்கினார்களா என்று கேட்டனர். விரைந்து விடை சொல்லும் கட்டாயம் இருந்தபோது, நம்பிக்கையற்றவர்களும் ஆம் என்று சொல்வது கூடியது.

இவற்றை வைத்து "பார்த்தீர்களா, உள்ளுக்குள் எல்லோரும் ஆத்திகரே" என்று முழங்குபவர்கள் உண்டு. அந்த முடிவுக்கு இந்த ஆய்வுகள் போதா. பங்கேற்றவர்கள் மிகச் சிலர். தோலின் பதற்றம் அச்சத்தைக் காட்டுகிறதா, அருவருப்பைக் காட்டுகிறதா, சிறுவயதில் ஊட்டிய கூச்சத்தைக் காட்டுகிறதா என்பதை அந்தக் கருவி சொல்வதில்லை. இத்துறை முடிவுகள் நிலைக்காமல் போனதற்கு நாத்திகர்கள் விரும்பிய பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. பிரெஞ்சுச் சிற்பி ரோதேனின் சிந்தனையாளர் சிலைப் படத்தைப் பார்த்தவர்களுக்குக் கடவுள் நம்பிக்கை சற்றுக் குறைந்தது என்று 2012-இல் புகழ்பெற்ற அறிவியல் இதழ் ஒன்றில் செய்தி வந்து, பகுத்தறிவாளர் மேடைகளில் பெரிதாகப் பேசப்பட்டது. 2017-இல் மேலும் பலரைக் கொண்டு திரும்பச் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. நமக்கு உவப்பான ஆய்வையும் உவப்பற்ற ஆய்வையும் ஒரே தராசில்தான் நிறுக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்தக் காலையில் உங்கள் மனத்தில் வந்த பெயர் முருகன். அல்லாவோ, கர்த்தரோ, ஜப்பானியர் வணங்கும் தேவதையோ அல்ல. நெருக்கடியில் மனிதர் அழைப்பது பெரும்பாலும் தாய்மடியில் கேட்ட பெயரைத்தான். இதனால் முருகன் இல்லை என்று ஆகிவிடாது. ஒரு கருத்து எப்படி வந்தது என்பது அது உண்மையா பொய்யா என்பதைத் தீர்மானிப்பதில்லை, இந்தப் பிழையை இரு தரப்பாரும் செய்கிறார்கள். ஆனால் அந்தக் கூப்பாட்டை, உங்கள் அறிவு ரகசியமாக வைத்திருந்த முடிவு என்று கொள்ள வேண்டியதில்லை என்பதற்கு இது போதும்.

நெருக்கடியிலேயே தன்னைச் சோதித்துப் பார்த்தவர் ஒருவரின் எழுத்து நம்மிடம் இருக்கிறது. பகத் சிங் 1930 அக்டோபர் தொடக்கத்தில், தூக்குத் தண்டனைத் தீர்ப்பு வருவதற்குச் சில நாள் முன்பு, லாகூர்ச் சிறையில் தாம் ஏன் நாத்திகர் என்பதை விளக்கி ஒரு கட்டுரை எழுதினார். அவர் இறந்த பின், 1931 செப்டம்பரில் அது லாகூரில் அச்சேறியது. 1930களின் நடுவில் ஜீவானந்தம் அதைத் தமிழாக்கி, அதற்காகக் காவல்துறையின் பிடியிலும் சிக்கினார். பள்ளிப் பருவத்தில் மணிக்கணக்கில் காயத்ரி செபித்த சிறுவர் பகத் சிங். 1926 இறுதியில்தான் நம்பிக்கையை முற்றிலும் கைவிட்டார். 1927-இல் முதன்முறை கைதாகி இருப்புப்பாதைக் காவல்துறையின் காப்பறையில் ஒரு மாதம் இருந்தபோது, இரு வேளையும் பிரார்த்தனை செய்யும்படி காவல் அதிகாரிகள் தூண்டினார்கள். அமைதியான, இன்பமான நாட்களில் மட்டும்தான் நான் நாத்திகன் என்று பெருமை பேச முடியுமா, இத்தகைய இக்கட்டிலும் அதில் நிற்க முடியுமா என்று தமக்குத் தாமே முடிவு செய்துகொள்ள விரும்பியதாகவும், நீண்ட யோசனைக்குப் பின் தம்மால் பிரார்த்திக்க இயலாது என்று கண்டதாகவும் அவர் எழுதுகிறார். இங்கே எனக்கு முக்கியமாகப் படுவது அவர் வென்றார் என்பதைவிட, யோசிக்க வேண்டியிருந்தது என்பதை ஒளிக்காததுதான். கடவுள் நம்பிக்கை இருந்திருந்தால் தம் சுமை இலேசாகியிருக்கும் என்பதையும் அதே கட்டுரையில் ஒப்புக்கொள்கிறார். அவரைச் சிறையில் சந்தித்த சமயப் பெரியவர் ஒருவர், பகத் சிங் கடைசியில் மனம் மாறினார் என்று பின்னர் எழுதினார். அந்தச் சந்திப்பை ஒட்டிய நாட்களிலேயே பகத் சிங் தம் கைப்பட எழுதிய கட்டுரை அதற்கு நேரெதிராக நிற்பதால், கட்டுரையையே நான் நம்புகிறேன்.

சாகும்போது மனம் மாறிய நாத்திகர் கதைகளைப் பொதுவாகவே ஐயத்தோடு கேட்பது நல்லது. 1882-இல் இறந்த டார்வின் படுக்கையில் கிடந்தபோது விவிலியம் படித்து வருந்தினார் என்ற கதை 1915-இல்தான் அமெரிக்க இதழ் ஒன்றில் முளைத்தது; அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அவர் மகள் 1922-இல் எழுத வேண்டியதாயிற்று. (டார்வின் தம்மை நாத்திகர் என்றும் சொல்லிக்கொள்ளவில்லை, அறியொணாவாதி என்பதே அவர் தமக்குப் பொருத்தமாகக் கருதியது.) சமய நம்பிக்கையற்றவர் என்று பெயர்பெற்ற ஸ்காட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம் 1776-இல் எடின்பரோவில் இறந்துகொண்டிருந்தபோது, இப்போதாவது அஞ்சுகிறாரா என்று பார்க்கவே எழுத்தாளர் ஜேம்ஸ் பாஸ்வெல் அவர் வீட்டுக்குப் போனார். பிறப்பதற்கு முன் இல்லாதிருந்ததை எண்ணி வருந்தாத நான் இறந்தபின் இல்லாமல் போவதற்கு ஏன் வருந்த வேண்டும் என்ற பொருளில் ஹியூம் சிரித்த முகத்தோடு பேசினார். கலங்கித் திரும்பியவர் நம்பிக்கையாளரான பாஸ்வெல்தான். நேர்மாறாக, உண்மையாகவே சற்று அசைந்தவர் பிரிட்டானிய நாத்திக மெய்யியலாளர் ஏ. ஜே. அயர். 1988-இல் மருத்துவமனையில் உணவு தொண்டையில் சிக்கி அவர் இதயம் சுமார் 4 நிமிடம் நின்றது. மீண்ட பின், வலியூட்டும் செந்நிற ஒளி ஒன்றைக் கண்டதாகவும், மரணமே முடிவு என்னும் தம் உறுதி அந்த அனுபவத்தால் சிறிது தளர்ந்ததாகவும் எழுதினார். கடவுள் இல்லை என்னும் கருத்து தளரவில்லை என்பதையும் சேர்த்தே எழுதினார். சில வாரங்களில், தளர்ந்தது அந்தக் கருத்தைத் தாம் பிடித்திருந்த இறுக்கம்தானே ஒழியக் கருத்தே அல்ல என்று இன்னொரு விளக்கமும் தந்தார். ஐயத்தைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாகத் தன்னைத்தானே விசாரித்துக்கொண்ட மனிதரை நான் அதிகம் கண்டதில்லை.

மனம் உண்மையிலேயே மாறியவர்களும் உண்டு. அவர்களைத் துரோகிகள் என்றோ கோழைகள் என்றோ ஏசுவது அறிவுடைமை ஆகாது. அரை நூற்றாண்டு நாத்திக வாதம் செய்த பிரிட்டானிய மெய்யியலாளர் ஆண்டனி ஃப்ளூ 2004-இல், உலகுக்கு அறிவுள்ள ஒரு மூலம் இருக்க வேண்டும் என்று அறிவித்தார். ஆனால் வேண்டுதலைக் கேட்கும் கடவுளையோ மறுமையையோ அவர் ஏற்கவில்லை. 2007-இல் அவர் பெயரில் வந்த நூலில் எவ்வளவு அவருடைய சொந்த எழுத்து என்பது சர்ச்சைக்கு உரியது. நமக்கு நெருக்கமானவர் கண்ணதாசன். திராவிட இயக்கத்தில் நாத்திகராக இருந்தவர், கம்பனில் ஆழ்ந்ததையும் வாழ்க்கைப் பட்டறிவையும் தம் மாற்றத்துக்குக் காரணமாகச் சொன்னார்; தருக்கத்தால் தோற்கடிக்கப்பட்டதாகச் சொல்லவில்லை. மூன்றாவது வகை என்று நான் குறித்தது இதற்கு அருகில் வருகிறது: பாட்டும் விழாவும் கூடி அழும் கூட்டமும் நன்றி சொல்ல ஓர் இடமும் இல்லாத வெறுமை. சுயமரியாதை இயக்கம் இதை உணர்ந்தே இருந்தது. தாலியும் புரோகிதரும் இல்லாத திருமணத்தை நடத்தி, 1967-இல் அதற்குச் சட்ட ஏற்பும் பெற்றது. பெரியாரின் நாத்திகத்துக்கு உயிர்நாடி சாதியும் இழிவும் என்பதால், அவ்வழியில் வந்தவர்களுக்கு "அண்டத்தை யார் படைத்தார்" என்ற ஐயம் அவ்வளவாக உறைப்பதில்லை; இரவு இரண்டு மணிக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் யாரிடம் பேசுவது என்பதுதான் உறைக்கிறது. அதற்குப் பகுத்தறிவு இயக்கங்கள் போதிய விடை வைத்திருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஐயம் ஒரு தரப்புக்கு மட்டும் உரியதும் அன்று. போற்றித் திருவகவலில் மாணிக்கவாசகர், அடியவன் தப்பிக் கரையேற வேண்டிய இடர்களை அடுக்கும்போது, நெருங்கியவரும் அயலவரும் கூடி "நாத்திகம் பேசி நாத்தழும்பு ஏறினர்" என்பதையும் ஒன்றாக வைக்கிறார். பக்தருக்கு அந்த ஐயம் கடக்க வேண்டிய சோதனை. நாத்திகருக்கு ஐயுறுவதைத் தடுக்கும் கட்டளை ஏதும் இல்லை, உறுதி குலைந்ததற்குக் கழுவாய் தேட வேண்டியதும் இல்லை. ஆகவே "ஒரு நிமிடம் ஐயுற்றவன் நாத்திகனே அல்லன்" என்று யாராவது உங்களிடம் சொன்னால், அவர் சமயத்தின் இலக்கணத்தைச் சமயமற்ற இடத்துக்குக் கொண்டுவருகிறார். "ஒருவேளை கடவுள் இருந்துவிட்டால் என்ன செய்வாய், நம்பிவைப்பதில் என்ன நட்டம்" என்ற பாஸ்கலின் பந்தயத்தையும் உங்களிடம் நீட்டியிருப்பார்கள். எந்தக் கடவுள் என்று திருப்பிக் கேட்டால் அது அங்கேயே நின்றுவிடும்.

இனி, உங்கள் செய்திக்கு வருகிறேன். உங்கள் மனத்தில் உள்ளதை வெளியிலிருந்து நான் தீர்ப்பளிக்க முடியாது. நீங்களே உங்களை ஆராய இரண்டு கேள்விகள் தருகிறேன். தாயார் பிழைத்ததற்குக் காரணம் யாது என்று இன்று அமைதியாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டால், அறுவை மருத்துவரும் மயக்க மருந்து வல்லுநரும் செவிலியரும் நினைவுக்கு வருகிறார்களா, அன்றி அந்த வேண்டுதல் பலித்தது என்று மனம் உண்மையாகவே கருதுகிறதா? அன்று மொட்டையோ காவடியோ நேர்ந்துகொண்டிருந்தால், அதைச் செலுத்தாமல் விட்டால் தீங்கு வரும் என்று இன்னும் அஞ்சுகிறீர்களா? நேர்த்திக்கடனை உண்மையான கடனாக உணர்பவருக்கு நம்பிக்கை திரும்பியிருக்கிறது அல்லது முழுதாகப் போகவே இல்லை எனலாம். அதில் வெட்கப்பட ஏதும் இல்லை. இரண்டுக்கும் இல்லை என்பது விடையானால், அன்று நடந்தது அச்சத்தின் பேச்சு. அச்சம் மட்டும் நீங்காமல், தண்டனை வரும் என்ற எண்ணம் உறக்கத்தைக் கெடுக்கும் அளவுக்குத் திரும்பத் திரும்ப வந்தால், அது மெய்யியல் ஆசிரியன் தீர்க்கும் செய்தி அல்ல. மனநல மருத்துவர் ஒருவரைப் பாருங்கள்.

பழனிக்கு அவசியம் அழைத்துச் செல்லுங்கள். தாயார் நன்றி சொல்ல விரும்பும் இடத்துக்கு அவருக்குத் துணையாகப் போவதால் நீங்கள் எதையும் ஒப்புக்கொள்வதாகாது. அவர் கேட்டால் உங்கள் நிலையைப் பொய்யில்லாமல் சொல்லுங்கள், கேட்காவிட்டால் சன்னதியில் நின்று விளக்கம் தர வேண்டியதில்லை. நெஞ்செலும்பைத் திறந்து செய்த அறுவை என்றால் எலும்பு கூடவே மாதக் கணக்கில் ஆகும் என்பதால், எப்போது பயணம் செய்யலாம் என்று இதய மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, படியேறாமல் வின்ச்சிலோ ரோப் காரிலோ மேலே கூட்டிப்போங்கள். பராமரிப்புக்காக அவற்றைச் சில நாட்கள் நிறுத்திவைப்பார்கள். கிளம்பும் முன் விசாரித்துவிடுங்கள்.